நாற்பத்தேழாம் எண்ணுக்கு விழுந்த வண்டி

ஏல அறிவிப்புத் தாளின் கடைசி வரியில் அந்த வண்டி இருந்தது. "பழைய பிக்கப், 1951, ஓடாது." அதற்கு மேலே இரண்டு டிராக்டர்கள், ஓர் அறுவடை இயந்திரம், எண்பது இரும்பு வேலிக்கால்கள், மூன்று பெட்டி கலவைச் சாமான். ஆர்டிஸ் ஹௌகன் தானியக் கிட்டங்கியின் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளை மேலிருந்து கீழாகப் படித்தாள். பிறகு கீழிருந்து மேலாக இன்னொரு முறை படித்தாள். மனதில் எதுவும் தோன்றவில்லை. தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது, சனிக்கிழமை செல்மர் நீஸ் வீட்டு ஏலத்துக்குப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள்.

"எதுக்கு?" என்றான் ஓர்லின்.

"சும்மாதான்."

சும்மா எங்கும் போகிற பெண் இல்லை அவள் என்பது ஓர்லினுக்குத் தெரியும். அறுபத்தொரு வயதில் அவள் போகும் இடங்கள் மூன்றுதான்: கிட்டங்கி, தேவாலயம், ஹெல்மர் ஊரில் உள்ள உதிரிபாகக் கடை. அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு கேள்விக்கு மேல் கேட்டால் அது சண்டை என்று அர்த்தம். அவர்கள் சண்டை போட்டு வெகு காலம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை அவனும் கிளம்பி வந்தான். இடுப்பு வலிக்காரன். வண்டியில் ஏறி இறங்குவதற்கே முகத்தைச் சுளிப்பவன், கேட்காமலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

செல்மர் இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய பிள்ளைகள் எல்லோரும் நகரங்களில் இருந்தார்கள். பனி பாதி உருகிய வயலில் அவன் வாழ்நாளில் சேர்த்ததெல்லாம் வரிசை வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. தேவாலயத்துப் பெண்கள் கொட்டகையில் இறைச்சி வைத்த பன்னும் காப்பியும் விற்றார்கள். ஏலம் கேட்க, ஒரு பண்ணைக்கு ஓர் எண் அட்டை. ஹௌகன் பண்ணைக்கு நாற்பத்தேழு கிடைத்தது. அட்டையை ஆர்டிஸ் வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

காற்றை மறிக்க நட்ட மரவரிசையின் கீழே, செத்த இயந்திரங்களோடு இயந்திரமாக அந்தப் பிக்கப் நின்றது. பின்சக்கரங்கள் இல்லை. அந்த இடத்தில் இரண்டு மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்திருந்தன. பச்சை நிறம் வெளுத்து, பழுத்துப்போன வெள்ளரிக்காய் மாதிரி ஆகியிருந்தது. கதவில் அவள் அப்பா கையால் எழுதிய "ஹௌகன்" என்ற பெயரில் ஹௌ மட்டும் மிச்சம். ஏலக்காரர் கடைசியாகத்தான் அங்கே வந்து சேர்ந்தார். கூட்டமும் குளிரில் கால் மாற்றிக்கொண்டே பின்னால் வந்தது.

ஆர்டிஸ் அட்டையைத் தூக்கினாள். நூறு டாலர்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பத்தின் பழைய பொருளை அதே குடும்பத்து ஆள் கேட்டால், மற்றவர்கள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு தங்கள் பூட்ஸைப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அன்றும் எழுபது பேர் பூட்ஸைப் பார்த்தார்கள். பழைய இரும்பு வாங்க வந்த வெளியூர்க்காரன்கூடச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பூட்ஸைப் பார்த்தான்.

அப்போது கூட்டத்தின் பின்னால் ஒரு தொப்பி மேலே போனது.

"நூத்தம்பது, பின்னாடி தொப்பி," என்று ஏலக்காரர் பழக்கத்தில் பாடிவிட்டு, நிறுத்திக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாருய்யா அது? ஓர்லினா?"

ஓர்லின் தொப்பியை இறக்கவில்லை. கூட்டம் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்திருந்தால் அது வேடிக்கையாகப் போயிருக்கும். அவன் சிரிக்கவில்லை.

"ஒரே பண்ணை, ஒரே நம்பர். நாப்பத்தேழை எதிர்த்து நாப்பத்தேழு கேக்க முடியாதுய்யா," என்றார் ஏலக்காரர். "உன் வலது பையிலேருந்து எடுத்து இடது பையில போடுறதுக்கு நான் எதுக்குத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தணும்? மிச்சச் சண்டைய வீட்டுல போய் வச்சுக்குங்க." பிறகு குரலை உயர்த்தி, "நூறு டாலர், நாப்பத்தேழு," என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், எதற்குக் கேட்டாய் என்று அவள் விசாரித்தாள். இரும்புக்காரனிடம் தள்ளிவிடலாம் என்று நினைத்தானாம். நான் வாங்கிய பிறகும் தள்ளிவிடலாமே என்றாள். ஓர்லின் ரேடியோவின் ஓசையைக் கூட்டினான். கோதுமை விலை, பன்றி விலை, மாலையில் வடமேற்குக் காற்று.

*

அந்த வண்டியால்தான் அவள் ஊரை விட்டுப் போகாமல் நின்றாள். அல்லது அப்படித்தான் அவள் நாற்பத்தோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இருபது வயது. ஆகஸ்ட் மாதம். பள்ளித் தோழி ரோசெல்லா மேற்குக் கடற்கரையில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தாள். ஆர்டிஸுக்கும் அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். அறையில் இரண்டாவது கட்டில் போட்டாயிற்று, ஜன்னலைத் திறந்தால் படகுகள் தெரியும் என்று எழுதியிருந்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். மேற்கே போகும் ரயில் தினமும் நண்பகலில் வரும். ரயில் நிலையம் இருபத்தெட்டு மைல். அப்பாவும் அம்மாவும் பெரிய லாரியில் வடக்கு வயலுக்குப் போயிருந்தார்கள், ஓர்லின் டிராக்டரில் இருந்தான். பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய் நிலையத்தில் விட்டுவிடுவது, மாலையில் ஓர்லின் யாரோடாவது போய் ஓட்டிவருவது என்று ஏற்பாடு. பெட்டியைப் பின்னால் போட்டாள். ஸ்டார்ட்டரை மிதித்தாள். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. சுற்றியது, பற்றவில்லை. பேட்டரி இறங்கி, கடைசியில் ஒரு 'டொக்' சத்தம் மட்டும் வரும்வரை மிதித்தாள். பிறகு பக்கப்படியில் உட்கார்ந்தாள். தண்டவாளம் நிலையத்துக்கு வரும் வழியில் சில மைல் பக்கத்தில் போகும், காற்று சரியாக இருந்தால் ரயில் ஊதுவது அங்கே கேட்கும். அன்றைக்குக் காற்று சரியாக இருந்தது.

மாலையில் ஓர்லின் வந்து முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வால்வு எரிந்துவிட்டது, எஞ்சின் போயிற்று என்றான். வீட்டில் இயந்திரம் தெரிந்தவன் அவன்தான். அப்பா தலையை ஆட்டினார். ஒரு வருடம் கழித்து, பின்சக்கரங்களுக்கு ஆசைப்பட்டுக் கேட்ட செல்மருக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார். செல்மர் சக்கரங்களைக் கழற்றித் தன் தானிய வண்டியில் மாட்டிக்கொண்டு, மிச்சத்தை மரவரிசையில் நிறுத்தினான். அவன் முன்மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஓடாத வண்டி என்று ஹௌகன் சொன்னால் ஓடாத வண்டிதான்.

அதற்குப் பிறகு அறுவடை வந்தது. அது முடியட்டும் என்றார்கள். அறுவடை முடிந்ததும் அம்மா படுத்தாள். அம்மா போன பிறகு அப்பாவின் முதுகு. ரோசெல்லா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டை அனுப்பினாள். ஒரு வருடம் அட்டை வரவில்லை, அத்தோடு நின்றது. இடையில் ஆர்டிஸ் இயந்திரம் கற்றுக்கொண்டாள். அந்தக் காலைப் பொழுதில் முன்மூடியைத் திறந்து என்ன பார்ப்பது என்று தெரியாமல் நின்றது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இப்போது அறுவடை இயந்திரத்தின் குடலை உருவி மாற்றுவது வரை அவள் வேலை. ஓர்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விளக்குப் பிடிப்பான்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அந்த எஞ்சின் நிஜமாகவே செத்துப்போயிருந்ததா? செத்திருந்தால் சரி. தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

*

வேறொரு வண்டியின் சக்கரங்களை மாட்டி, டிராக்டரில் கட்டி இழுத்து, பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். கதவைத் திறந்ததும் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. இருக்கைக்குள் எலிகள் பல தலைமுறைகளாகக் குடும்பம் நடத்தியிருந்தன. முன்பெட்டிக்குள் ஒரு கூடு, கூட்டுக்குள் கிழித்துப் பஞ்சாக்கிய காகிதம். அதில் அச்செழுத்துகள் தெரிந்தன. ரயில் நேர அட்டையாக இருக்கலாம். அவள் அதைப் பார்த்தாள், மண்வாரியில் அள்ளிக் கொட்டினாள்.

ஆறு பிளக்குகளையும் கழற்றினாள். வால்வு எரிந்த எஞ்சினில் பிளக் வெளுத்துப்போயிருக்கும், அல்லது எண்ணெய்க் கரி படிந்திருக்கும். இவை ஆறும் நல்ல வறுத்த ரொட்டி நிறத்தில் இருந்தன. அவள் அவற்றைத் துணியில் வரிசையாக வைத்து, சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஆறு துளைகளிலும் ஊற்றி, துணியால் மூடிவிட்டு, மாடுகளைப் பார்க்கப் போனாள்.

நான்கு நாள் ஊற விட்டாள். ஐந்தாம் நாள், இறுகிக்கிடந்த எஞ்சினின் முன்பக்கக் கப்பியில் மரை திருகும் சாவியை மாட்டி, அதில் ஒரு நீளக் குழாயைச் செருகி, முழு எடையும் கொடுத்துத் தொங்கினாள். அசையவில்லை. மறுநாள் தொங்கினாள். மூன்றாம் நாள், ஒரு மயிரிழை. அவளுக்கே அசைந்ததா என்று சந்தேகம். சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு மறுபடி தொங்கினாள். கோடு நகர்ந்தது. சனிக்கிழமைக்குள் எஞ்சின் முழுதாகச் சுற்றியது. துளையில் கட்டைவிரலை வைத்து அழுத்தம் பார்த்தாள். ஆறும் விரலைத் தள்ளின. ஆறு துளைகளின் வால்வுகளும் நன்றாக இருந்தன.

ஓர்லின் பட்டறைப் பக்கம் வரவே இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒருநாள், அது ஓடாது என்றான். ஏன் என்று கேட்டாள். பழசு என்றான்.

திங்கட்கிழமை காலை, மின்பொறி வேலை. அந்தக் காலத்து எஞ்சினில் ஒரு கறுப்பு மூடி இருக்கும், அதிலிருந்து ஆறு கம்பிகள் ஆறு பிளக்குகளுக்குப் போகும். மூடிக்குள் ஒரு தண்டு சுற்றும். தண்டின் தலையில் சோடா மூடி அளவுக்கு ஒரு சின்னத் துண்டு உட்கார்ந்திருக்கும். ரோட்டர் என்பார்கள். அதுதான் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு வைப்பது. ஆர்டிஸ் மூடியின் இரண்டு கவ்விகளையும் விடுவித்தாள். கவ்விகள் இரண்டும் ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தன. மூடியைத் தூக்கினாள்.

தண்டு மொட்டையாக இருந்தது.

இடதுகையின் இரண்டு விரல்களில் அவளுக்கு உணர்ச்சி கிடையாது. ஒரு பனிப்புயலில், கன்று போட்ட பசுவோடு விடியவிடிய நின்றதில் போனது. அந்த இரண்டு விரல்களால்தான் முதலில் தடவினாள். பிறகு வலதுகையால் தடவினாள். இல்லை. எலி தூக்கிப் போயிருக்க வழியில்லை. எலி கவ்வியைத் திரும்ப மாட்டாது.

அப்பா, என்று நினைத்தாள். ஓர்லின் பதினேழு வயதில் சனிக்கிழமை நடனங்களுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிய காலத்தில், அப்பா எதையோ கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு தூங்கப் போவார். வண்டியின் பல்லைப் பிடுங்கிவிட்டேன் என்பார். ஓர்லின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து உதைப்பான். பல் என்றால் என்ன என்று அவள் அப்போது கேட்டதில்லை. அப்பா செத்து இருபத்திரண்டு வருடம். செத்தவரிடம் போய் எதைக் கேட்பது? கைகளைத் துடைத்துக்கொண்டு ஹெல்மர் ஊருக்கு வண்டியை விட்டாள்.

உதிரிபாகக் கடையில் டுவேன் தடித்த பழைய புத்தகத்தைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்தான். சின்ன வயதிலிருந்தே அந்தக் கடைமேசைக்குப் பின்னால் நிற்பவன், வாய் ஓயாது. புதன்கிழமை வந்துவிடும் என்றான். பழசு உடைந்துவிட்டதா என்று கேட்டான்.

"இல்லவே இல்ல. தண்டு மொட்டையா இருக்கு."

டுவேன் பென்சிலைக் காதில் செருகினான். "ரோட்டர் தேயும், வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். தானா எந்திரிச்சு நடந்து போகாது ஆர்டிஸ். எங்க மாமா அதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுதான் சர்ச்சுக்கே போவாரு, அத்தை சீட்டாடப் போயிடக்கூடாதுன்னு. அவரு சாகும்போது பையில மூணு இருந்துச்சு. மூணாவது எந்த வண்டியோடதுன்னு இன்னிக்கு வரைக்கும் குடும்பத்துல தகராறு."

அவள் சிரிக்க வேண்டிய இடம் அது. அவள் சிரித்தாள். திரும்பும் வழியெல்லாம் சாலை நேராக இருந்தது.

ரோட்டர் வரும்வரை மற்ற வேலையை முடிக்கலாம் என்று கார்புரேட்டரில் கை வைத்தாள். ஆக்சிலேட்டர் கம்பியைப் பூட்டியிருந்த சின்ன ஊசி துருப்பிடித்து ஒடிந்தது. அந்த அளவில் வேறு ஊசி இல்லை. லாட ஆணி ஒன்றை வளைத்து மாட்டினால் போதும், மெல்லிய இரும்பு, நன்றாக வளையும். ஓர்லினின் வேலைமேசைக்கு மேலே பலகையின் அடிப்பக்கத்தில் கண்ணாடி ஜாடிகள் தொங்கின. மூடிகளைப் பலகையில் ஆணியடித்துவிட்டு, ஜாடியைத் திருகி மாட்டுவது. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள்: கால் அங்குலத் திருகு, அரை அங்குல மரை, வளையம். கடைசி மூலையில், சாணைக்கல்லுக்குப் பின்னால், தூசியில் பழுப்பேறிய ஜாடி: லாட ஆணி. ஹௌகன் பண்ணையில் கடைசிக் குதிரை போய் ஐம்பது வருடம் ஆகிறது. அதைத் தூக்கிப்போடவும் மாட்டார்கள், திறக்கவும் மாட்டார்கள். அந்தப் பகுதியில் யாரும் எதையும் தூக்கிப்போட்டதில்லை.

ஜாடி இறுகிக்கிடந்தது. திருகித் திறந்து மேசையில் கவிழ்த்தாள். ஆணிகள் கொட்டின. ஆணிகளுக்கு நடுவே, கைக்குட்டைத் துணியில் சுற்றிய ஒரு சின்ன முடிச்சும் விழுந்தது.

முடிச்சை அவிழ்க்கும் முன்பே அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவிழ்த்தாள். உள்ளே ரோட்டர், அதன் பித்தளைத் தகடு இன்னும் மங்காமல் இருந்தது. அவள் அந்த மேசைக்கு முன்னால், அந்த ஜாடிக்குக் கீழே, எத்தனை ஆயிரம் முறை நின்றிருப்பாள்! தலையை நிமிர்த்தினால் இடித்திருக்கும்.

ஓர் ஆணியை எடுத்து வளைத்தாள். ஆக்சிலேட்டர் கம்பியில் மாட்டினாள். மிச்ச ஆணிகளை ஜாடியில் அள்ளிப்போட்டு, அது இருந்த இடத்திலேயே திருகினாள். பிறகு சமைக்கப் போனாள்.

*

இறைச்சி உருண்டை, வெள்ளைக் குழம்பு, வேகவைத்த உருளைக்கிழங்கு. ஓர்லின் ஜெபம் சொன்னான். ஆமென் சொன்னதும் அவள் ரோட்டரை எடுத்து உப்புக்கும் மிளகுக்கும் நடுவில் வைத்தாள்.

ஓர்லின் முகத்தில் ஈயாடவில்லை. கரண்டியைக் கீழே வைத்தான். பாலைக் குடித்து முடித்தான், நிதானமாக, கடைசிச் சொட்டு வரை.

"அப்பா எடுக்கச் சொன்னாரா?" என்றாள் ஆர்டிஸ்.

"அப்பாவுக்குத் தெரியாது. வால்வு எரிஞ்சுபோச்சுன்னு நான் சொன்னதை நம்பிட்டாரு."

அவள் காத்திருந்தாள். தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் காத்திருந்தாள். அடுப்பின் மேல் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் குழம்பு காய்வதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

"நீ போயிட்டா இந்த வீட்டுல பேச்சே இருக்காதுன்னு தோணிச்சு," என்றான் ஓர்லின். "அம்மாவும் பேச மாட்டா, அப்பாவும் பேச மாட்டாரு. நீதான் அப்பல்லாம் ஓயாமப் பேசுவ. சாப்பிடும்போதும் பேசுவ." தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒரே ஒரு நாள் தள்ளிப்போகட்டும்னுதான் எடுத்தேன். மறுநாள் காலைல மாட்டிக் குடுத்துடலாம்னு இருந்தேன். மறுநாள் நீ கேக்கவே இல்ல. எந்திரிச்சு மாவு பிசைஞ்ச. அதுக்கடுத்த நாளும் கேக்கல."

"எஞ்சின் செத்துப்போச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன். வண்டிதானே செத்துச்சு. லாரி இருந்துச்சு. டிராக்டர் இருந்துச்சு. செல்மரைக் கேட்டிருந்தா அவன் கொண்டுபோய் விட்டிருப்பான், உன்னைன்னா அவனுக்கு உசிரு." அவன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "மறுநாளும் ரயில் வந்துச்சு ஆர்டிஸ்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நாற்பத்தோரு வருடமாகப் புரியாத ஒன்றைக் கேட்பது போலச் சொன்னான். ஒருவேளை அதனால்தான் அவன் அந்த முடிச்சைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தான்.

யோசித்துப் பார்த்தாள். அந்த மறுநாளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். மாவு பிசைந்தது நினைவில்லை. ரயில் ஊதியதும் நினைவில்லை. ரயிலைத் தவறவிட்ட நாளைத்தான் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அதற்கு அடுத்த நாளை எங்கோ தொலைத்திருந்தாள்.

எழுந்து தட்டுகளைக் கழுவினாள். ஓர்லின் துடைத்தான். வழக்கமாக அவன் துடைப்பதில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனாள். ரோட்டரைச் சட்டைமுனையால் துடைத்துத் தண்டின் தலையில் வைத்து அழுத்தினாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. மூடி, கவ்வி, கவ்வி. பெட்ரோல் தொட்டி ஓட்டை என்பதால் ஒரு தகரக் கேனைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ரப்பர் குழாயால் இணைத்திருந்தாள். டுவேனிடம் வாங்கிய புது ஆறு வோல்ட் பேட்டரி. ஸ்டார்ட்டரை மிதித்தாள்.

சுற்றியது. சுற்றியது. தும்மியது. புகைபோக்கியிலிருந்து எலிக்கூட்டின் மிச்சம் ஒன்று பறந்து சுவரில் அடித்தது. அப்புறம் பற்றிக்கொண்டது.

எஞ்சின் சத்தம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, தையல் இயந்திரம் போல. புகை கலையும்வரை அவள் இருக்கையில் விரித்த சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமா என்று பார்த்தாள். கைகள் அதிர்ந்துகொண்டிருந்தன. அது ஸ்டியரிங்கின் அதிர்வு.

சமையலறை ஜன்னலில் ஓர்லின் நின்றிருந்தான். அவள் முற்றத்தைத் தாண்டி, தபால்பெட்டியைத் தாண்டி, தெற்கே திரும்பினாள். பிரேக் பாதிதான் பிடித்தது. முப்பது மைல் வேகத்துக்கு மேல் போனால் கதவு தானாகத் திறந்துகொண்டது. இருபத்தெட்டு மைலுக்கும் ஒருகையால் கதவைப் பிடித்துக்கொண்டே போனாள். எதிரே வந்த இரண்டு வண்டிக்காரர்களும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். அவளும் விரலைத் தூக்கினாள். கதவு திறந்தது.

நிலையத்தில் எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி பற்றுமோ பற்றாதோ. நண்பகல் ரயில் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. ஒரு கிழவர் இறங்கினார், அவரை மகள் வந்து அழைத்துப் போனாள். சீருடை போட்ட பெண் ஒருத்தி படிக்கட்டுக்குக் கீழே சின்ன முக்காலியை வைத்துவிட்டு, பிக்கப்பையும் அதற்குள் இருந்தவளையும் பார்த்தாள்.

"ஏறுறீங்களாம்மா?"

"இல்ல. வண்டி ஓடுதான்னு பாக்க வந்தேன்."

அந்தப் பெண் புகையைப் பார்த்தாள். "ஓடுதா?"

"ஓடுது."

முக்காலியை எடுத்துக்கொண்டு அவள் ஏறிவிட்டாள். ரயில் மேற்கே போனது. அதன் கடைசிப் பெட்டி ஒரு புள்ளியாகிற வரைக்கும் ஆர்டிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமவெளியில் ஒரு பொருள் புள்ளியாவதற்கு வெகு நேரம் பிடிக்கும். பிறகு நிலையத்துக்குள் போய், பயணச்சீட்டுச் சாளரத்தில் இருந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்தாள்.

வீட்டு முற்றத்தில் எஞ்சினை அணைத்தபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. முன்மூடியைத் திறந்தாள். கவ்வி, கவ்வி. ரோட்டரை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை, கை அப்படிச் செய்தது.

சமையலறையில் ஓர்லின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவன் கையால் ஒரு பாத்திரம் கொதித்து அவள் பார்த்ததில்லை. மூடியைத் தூக்கினாள். இரண்டு உருளைக்கிழங்குகள். கத்தியால் தோலோடு பாதிச் சதையையும் சீவியெடுத்ததில் அவை முட்டையளவுக்கு ஆகியிருந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் தடித்த தோல்கள் குவிந்துகிடந்தன.

ஒரு ஆளுக்கான உருளைக்கிழங்கு.

அவள் மூடியை மெல்ல வைத்தாள். ஓர்லின் அவளைப் பார்க்கவில்லை.

"வந்துட்டியா," என்றான், மேசையைப் பார்த்து.

அவள் கோட்டைக் கழற்றாமலேயே உருளைக்கிழங்குகளை வடித்தாள், அவன் தட்டில் ஒன்றும் தன் தட்டில் ஒன்றுமாக வைத்தாள், வெண்ணெயை எடுத்து வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள். பைக்குள் கையை விட்டாள். உணர்ச்சியில்லாத விரல்களுக்கு அது அங்கே இருப்பது தெரியவில்லை. கையை மாற்றி மறுபக்கத்து விரல்களால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை போறேன்," என்றாள்.

"விதைப்பு…" என்று ஓர்லின் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். உருளைக்கிழங்கை நான்காக வெட்டினான். அது உள்ளே வேகவில்லை. அதையும் மென்று விழுங்கினான். எங்கே போகிறாய், எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கோ ரோசெல்லாவின் பழைய முகவரி ஒன்றுதான் கையில் இருந்தது.

ஓர்லின் மேசையைப் பிடித்து எழுந்தான். கோட்டை மாட்டினான், தொப்பியை வைத்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். முன்மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஆர்டிஸ் பைக்குள் இருந்த ரோட்டரைப் பிடித்துக்கொண்டாள். பை கனத்தது. வெளியே சாவி இரும்பில் உரசியது, ஏதோ கழன்றது. படிகளில் ஒவ்வொரு காலாக ஏறிவரும் ஓசை.

கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்தான். இரண்டு கைகளிலும் பேட்டரியைத் தூக்கி வயிற்றோடு அணைத்திருந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு செய்தித்தாளைக் காலால் விரித்து, அதன்மேல் மெதுவாக இறக்கி வைத்தான். மூச்சு வாங்கியது.

"ஆறு வோல்ட்டு குளிர் தாங்காது," என்றான். "புதன்கிழமை ராத்திரியும் உள்ள எடுத்து வச்சிடணும். வியாழன் காலைல நல்லா குளிரும்னு ரேடியோவுல சொன்னான்."

பிறகு வந்து உட்கார்ந்து கரண்டியை எடுத்தான். ஆர்டிஸ் உப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.